அடுப்புச் சுவரோரம் ஒரு கறிவேப்பிலை

(மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள பிரிஞ்சாங்கில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'நம் வாழ்வும் தாவரங்களும்' என்று தலைப்புக் கொடுத்து ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். காசு தரும் தாவரங்கள், பண்பாட்டுக்குரிய தாவரங்கள் என்று இரண்டு பட்டியல் போட்டு வாசித்துவிடலாம். கல்லூரியில் எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகள் நானும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். இந்த மண்ணில் நின்று பேசும்போது அந்தப் பட்டியல் வாயில் வரமாட்டேன் என்கிறது. ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடிதான் கண் முன்னால் வந்து நிற்கிறது.

என் அப்பாயி வளர்த்த செடி அது. இந்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாங்கள் இருந்தோம். கடைசிக் காம்பரா எங்களுடையது. பின்சுவரை ஒட்டி மண் அடுப்பு. வெளியே, அந்த அடுப்பு இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கறிவேப்பிலை நின்றது. ராத்திரி ஒன்பது மணிக்குச் சுவரில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அப்பாயி சாப்பாட்டுக் கடையை முடித்துவிட்டுக் கோணிச் சாக்கை எடுத்துவந்து செடிக்குப் போர்த்துவார். விடிந்து பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகுமுன் எடுத்துவிடுவார். அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், என்றைக்காவது மிஞ்சிப்போன புளித்த மோர் எல்லாம் அதற்குத்தான்.

அதே லயத்தில் வேறு நான்கு வீட்டிலும் கறிவேப்பிலை வைத்தார்கள். திறந்த வெளியில் வைத்தார்கள். ஆண்டுக் கடைசியில் மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது இலை மஞ்சளித்துக் கொட்டிவிடும். குச்சி மட்டும் நிற்கும். பிரிஞ்சாங் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர். இரவில் வெப்பம் 15, 16 பாகைக்கு இறங்கும் ஊர். அந்தக் குளிரில் கறிவேப்பிலை வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். எங்கள் வீட்டுச் செடி மட்டும் தளிர்த்தது. அக்கம்பக்கத்தார் அப்பாயியின் கைராசி என்றார்கள். கைராசி உண்டோ இல்லையோ, சுவரின் சூடு உண்டு. அந்தச் சுவர் தெரிந்து, அந்த ஒரு சாண் தெரிந்து நட்ட அறிவு உண்டு.

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேயிலைச் செடியை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வெட்டிய மிளாறை விறகுக்குக் கட்டிக்கொண்டு வருவோம். தேயிலை மிளாறு நின்று எரியும். நல்ல தணல் விழும். அந்தத் தணல்தான் கறிவேப்பிலையைக் காப்பாற்றியது. நம்மை இந்த மலைக்குக் கூட்டிவந்த செடி எரிந்து, நாம் கூட்டிவந்த செடியை வாழவைத்தது. இன்று நான் பேச வந்தது இந்த இரண்டு வகைச் செடிகளைப் பற்றி.

அப்பாயி முசிறிப் பக்கத்துக்காரர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். 1938-இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. அதற்கு ஓரிரு வருடம் முன்னால். முதலில் பீடோர் பக்கத்தில் ரப்பர்ப் பால்மரத் தோட்டம், உலகச் சண்டைக்குப் பிறகு இந்த மலை. கறிவேப்பிலை விதையை முந்தானையில் முடிந்து ஊரிலிருந்தே கொண்டுவந்ததாகச் சொல்வார். நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

தாவரவியல் படித்த பிறகு எனக்குச் சந்தேகம் வந்தது. கறிவேப்பிலை விதையைக் காயவைக்கக் கூடாது. பழம் பழுத்துக் கறுத்ததும் சதையை நீக்கிச் சுடச்சுட நட வேண்டும். காய்ந்தால் உயிர் போய்விடும். கப்பலில் ஒரு வாரம், இறங்கியதும் நோய்த்தடுப்பு முகாமில் சில நாட்கள், பிறகு தோட்டம். முந்தானையில் முடிந்த விதை அத்தனை நாள் தாங்கியிருக்குமா? ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தால் ஒருவேளை தாங்கியிருக்கலாம். பீடோரில் யார் வீட்டிலோ வேரிலிருந்து கிளைத்த கன்றைப் பெயர்த்து மலைக்குக் கொண்டுவந்திருக்கவும் வாய்ப்பு அதிகம். அப்பாயி உயிரோடு இருந்தவரை இதை அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அவருக்குத் தெரிந்த ஏதோ ஒரு முறை எனக்குத் தெரியாமலே போயிற்று.

விதை காய்ந்தால் செத்துப்போகும் என்ற இந்த ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் போகலாம். தேயிலை விதைக்கும் இதே குணம். ரப்பர் விதைக்கும் இதே குணம். மலாயாத் தமிழன் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட இரண்டு செடிகளும் அப்பாயியின் கறிவேப்பிலையும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே சாதி.

ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் 1876-இல் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் ஏற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். வாழையிலை பரப்பி, காற்றாடக் கூடைகளில் வைத்து, அவசர அவசரமாக. போய்ச் சேர்ந்ததும் தனி ரயில் வைத்துக் கியூவுக்கு அனுப்பினார்கள். அவ்வளவு பாடுபட்டும் நூற்றுக்கு நான்குக்கு மேல் முளைக்கவில்லை. முளைத்ததில் பெரும்பகுதி, 1,900-க்கு மேற்பட்ட கன்றுகள், கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குப் போயின. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அதிலிருந்து கோலாகங்சாருக்கு வந்து நடப்பட்ட மரங்களில் ஒன்று இன்றும் வேலி போட்டு, பெயர்ப்பலகை வைத்து நிற்கிறது. போய்ப் பார்க்காதவர்கள் பாருங்கள். நம் பாட்டன் பூட்டன்களை நாகப்பட்டினத்துக் கரைக்கு இழுத்து வந்த கயிற்றின் மறுமுனை அங்கே கட்டியிருக்கிறது.

தேயிலைக் கதையும் அதே மாதிரிதான். 1848-இல் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவுக்குள் மாறுவேடத்தில் போய்த் தேயிலை விதையும் கன்றும் சேர்த்தார். காயவைத்து அனுப்பிய விதைகள் உயிரற்றுப் போயின. பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் மண் போட்டு அதிலேயே விதைத்துக் கப்பலில் ஏற்றினார். வழியிலேயே முளைவிட்டு வந்தன. மூடிய கண்ணாடிக்குள் ஈரம் வெளியே போகாமல் சுற்றிவரும். லண்டன் மருத்துவர் வார்டு கண்டுபிடித்த அந்தப் பெட்டி இல்லாவிட்டால் இமயமலை அடிவாரத்துக்குச் சீனத் தேயிலை அந்த வேகத்தில் வந்திருக்காது.

இலங்கையில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டே வருடத்தில் காப்பிச் செடியில் துரு நோய் கண்டது. காப்பி அழிந்தது, தேயிலை ஏறியது. காப்பிக் காட்டில் இருந்த தமிழர்கள் தேயிலைக் காட்டுக்கு மாறினார்கள். நம் மலையில் 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது அவரோடு சேர்ந்து நின்றவர் ஏ. பி. மில்ன், இலங்கையில் தேயிலை பயிரிட்டவர். சாலை உருளை ஒன்று, கோவேறு கழுதைகள், கூலிகள், இவ்வளவுதான் கையிருப்பு. தாப்பாவிலிருந்து மலைக்கு முழுச் சாலை 1931-இல்தான் முடிந்தது. 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. அதை உருவாக்கியவர் வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தார்.

ரஸ்ஸல், மில்ன், டெய்லர், ஃபார்ச்சூன், விக்காம். பெயர், தேதி, ஏக்கர், கப்பல், எல்லாம் பதிவில் இருக்கிறது. பதிவு இருப்பது நல்லது. அதனால்தான் இன்று இந்தக் கதையை என்னால் சொல்ல முடிகிறது. முந்தானையிலும் ஈரத்துணியிலும் பால் டின்னிலும் வந்த செடிகளுக்கு ஒரு வரிகூட இல்லை. அதே சிக்கல், அதே காய்ந்தால் சாகும் விதை. அங்கே ஒரு பேரரசு கண்ணாடிப் பெட்டி செய்தது. இங்கே எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் தன் அறிவால் தீர்த்தார். இரண்டும் ஒரே தரத்துத் தாவரவியல் என்று சொல்லத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

கொழுந்து கிள்ளும் கையையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன். ஒரு மொட்டு, இரண்டு இலை என்று புத்தகத்தில் எழுதிவிடலாம். என் அம்மா கிள்ளும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நகம் படாது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தண்டைப் பிடித்து லேசாக மடக்கினால், முற்றிய இடத்துக்கு மேலே அது தானாக 'டக்'கென்று ஒடியும். எங்கே ஒடிகிறதோ அதுதான் இளசு. கண் அடுத்த கொழுந்தில் இருக்கும். கை நிறைந்ததும் தோளுக்கு மேலே வீசினால் முதுகுக் கூடையில் விழும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் விரல் நுனிக் கறுப்பு போகாது. கோவில் திருவிழாவுக்கு மஞ்சள் பூசிக்கொள்ளும்போது விரல் நுனியை உள்ளே மடக்கி வைத்துக்கொள்வார். பிறகு பெட்டி வைத்த கத்தரி வந்தது. அதன் பிறகு இருவர் பிடித்து நடக்கும் இயந்திரம் வந்தது. இன்று மலையில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வீட்டுக் கொல்லையில் என்ன நட்டிருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். வேறு ஒரு ஊரின் கீரையும் மிளகாயும் பால் டின்னில் நிற்கும்.

'தேயிலை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'தே' என்பது சீனத்து ஹொக்கியன் பேச்சு. மலாயில் 'தெ'. நாம் அதோடு நம் இலையைச் சேர்த்துக்கொண்டோம். சீனக் கப்பலும் தமிழ்க் காடும் சேர்ந்த சொல் அது. கொடுத்ததும் உண்டு. மலாயில் மாம்பழத்துக்கு 'மங்கா' என்று பெயர், நம் மாங்காய்தான். முருங்கைக்கு 'மெருங்கை'. தாவரவியலார் அந்தப் பேரினத்துக்கே 'மொரிங்கா' என்று பெயரிட்டுவிட்டார்கள். வெற்றிலை போர்ச்சுகீசியர் வழியாக 'பீட்டில்' ஆயிற்று. வெட்டிவேர் உலகமெங்கும் 'வெட்டிவேர்'தான்.

வெற்றிலை பாக்கைச் சொன்னதும் மலாய்க்காரர் வீட்டுச் சம்பந்தம் நினைவுக்கு வருகிறது. பாக்குக்கு மலாயில் 'பினாங்'. பெண் கேட்பதற்குச் சொல் 'மெமினாங்'. பாக்கை வைத்துக் கேட்பது என்றே பொருள். நாம் நிச்சயதாம்பூலம் என்கிறோம். ஒரு பக்கத்தார் மற்றவரைப் பார்த்துக் கற்றோமா, இரண்டு பேரும் இந்தப் பெருங்கடலின் இரு கரையிலும் ஒரே பாக்கை மென்றதால் வந்ததா என்று ஆராய்வது வேறு வேலை. பினாங்கு தீவே பாக்குத் தீவு. மலாக்கா என்பது பரமேசுவரன் இளைப்பாறிய மரத்தின் பெயர் என்பது மரபு. அந்த மரம் நம் நெல்லி. ஈப்போ என்பது பால் வடியும் ஒரு நச்சு மரம். மலைக்காட்டு மக்கள் ஊதுகுழல் அம்பு நுனியில் தடவுவது அதன் பாலைத்தான். இந்த ஊரிலேயே, சுங்கை பாலாஸ் என்று தினமும் சொல்கிறோமே, 'பாலாஸ்' விசிறி மாதிரி இலை விரியும் ஒரு காட்டுப் பனை. பெருநாளில் மலாய்க்காரர்கள் அதன் குருத்தில் கெத்துப்பாட் சோறு கட்டுவார்கள். நெல்லி நிழலில் இறங்கி, பாக்குத் தீவில் கால் வைத்து, நச்சு மரத்து ஊர் கடந்து, காட்டுப் பனை ஓடைக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

இந்த மலையில் நமக்கு முன்னால் இருந்தவர்கள் செமாய் மக்கள். 1885-இல் வில்லியம் கேமரன் இந்த மலையை அளக்க வந்ததாகப் பள்ளியில் படிக்கிறோம். அவர் பெயரே மலைக்கு நின்றது. மூங்கிலில் சோறு ஆக்கி, பெத்தாய்க் காய் பறித்து, பிரம்பு அறுத்து வாழ்ந்தவர்களுக்கு இந்த மலை முன்பே தெரியும். தாப்பா சாலையில் பெத்தாய்க் கொத்தைத் தொங்கவிட்டு விற்கிறார்களே, அந்தக் கடையில் நின்று விலை பேசுகிற நாம், அந்த மரம் எந்த உயரம் வரை வளரும், எப்போது காய்க்கும் என்று ஒரு கேள்வி கேட்டதுண்டா? நான் கேட்டுப் பார்த்தேன். அரை மணி நேரம் பேசினார் அந்தப் பெரியவர்.

கறிவேப்பிலைக்கே திரும்பி வருகிறேன், அதன் அறிவியல் பெயரில் ஒரு செய்தி இருக்கிறது. 'பெர்கெரா கோனிகி' என்று லின்னேயஸ் 1771-இல் பெயர் வைத்தார். கோனிக் என்பவர் அவருடைய மாணவர். 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து டேனிஷ் சபைக்கு மருத்துவராக இருந்தவர். பிறகு ஆர்க்காட்டு நவாபிடம் வேலை பார்த்தார். தமிழ்நாட்டில் அவர் சேகரித்த செடிகள் ஐரோப்பாவுக்குப் போயின. அதே கோனிக் 1770-களின் கடைசியில் கப்பல் ஏறிச் சயாமுக்கும் மலாக்காவுக்கும் வந்து இங்கே செடி சேகரித்தார். அந்தப் பயணக் குறிப்புகள் அச்சில் வந்திருக்கின்றன. தரங்கம்பாடிக் கரையிலிருந்து மலாயாவுக்கு, அப்பாயிக்கு நூற்றைம்பது ஆண்டு முன்னால். அவர் பெயர் கறிவேப்பிலையில் நின்றுவிட்டது. அவருக்கு அந்த இலையைக் காட்டி, இது இதற்கு என்று சொல்லியிருக்கக்கூடிய தரங்கம்பாடி வீட்டுப் பெண்ணின் பெயர் எங்கும் இல்லை.

பெயர் நின்ற ஒருவரையும் சொல்ல வேண்டும். கேரளத்தில் டச்சு ஆளுநர் வான் ரீட், 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்று 12 தொகுதி செய்தார். 1678-இலிருந்து 1693 வரை அச்சாயின. 742 தாவரங்கள். அந்த அறிவைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அவர் 1675-இல் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்த சான்று முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. தம் குடும்பத்து ஏட்டில் உள்ளதைப் பார்த்து, தம் அனுபவத்தைச் சேர்த்து, இந்தப் பெயர்களையும் குணங்களையும் சொன்னேன் என்கிறார். முந்நூற்றைம்பது ஆண்டு கழித்து அவர் சொன்ன செடியை அவர் சொன்ன பெயரிலேயே தேடிப் பிடிக்க முடிகிறது.

மலாயாவுக்கும் ஒரு பெரிய நூல் உண்டு. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த பர்க்கில், 1935-இல் இரண்டு பெருந்தொகுதியாக மலாய்த் தீபகற்பத்தின் பொருளாதார விளைபொருள்களுக்கு அகராதி வெளியிட்டார். எந்த மரத்தின் பட்டையில் வலைக்குச் சாயம் ஏற்றினார்கள், எந்தக் கிழங்கைப் பஞ்சத்தில் தின்றார்கள், அத்தனையும் இருக்கிறது. நான் வாழ்நாளில் அதிகம் புரட்டிய நூல் அதுதான். அந்த ஆண்டுகளில் இந்த மலையில் தேயிலையே இளங்கன்று. லயத்துக் கொல்லைகள் அதற்குப் பிறகு வந்தவை. அவற்றை எழுத வேண்டியவர்கள் நாம்தான், எழுதவில்லை.

அப்பாயியின் கொல்லையில் இருந்ததை நினைவிலிருந்து சொல்கிறேன். கற்பூரவல்லி, துளசி, ஆடாதோடை, சௌசௌ பந்தல், புதினா, பொன்னாங்கண்ணி. முருங்கைப் போத்து மூன்று முறை நட்டார். இலை வந்தது, காய் கண்ணில் படவில்லை. அதற்கு வெயில் வேண்டும். வாழை வைத்தார், குலை தள்ள இரண்டு வருடம் ஆகும், பழம் சிறுத்திருக்கும். இலைக்காகவே வைத்திருந்தார். வேம்பு மட்டும் இந்த ஈரத்தில் பிழைக்கவே இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்குக் கீழேயிருந்து, தாப்பாவிலிருந்து, காய்கறி லாரியில் வேப்பிலை வரும். லாரி வரும் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடுவோம். அந்தக் கசப்பு வாசனை மலையில் வருடத்தில் இரண்டு நாள்தான் இருக்கும். வாடிய கொத்தையும் யாரும் கீழே போடமாட்டார்கள். வாசற்படியில் செருகி, அரிசிப் பானையில் போட்டு, அம்மை கண்ட வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்து. ஊரில் காலில் மிதிபடும் இலை இங்கே தங்கம் மாதிரி. ஒரு செடி இல்லாத இடத்தில்தான் அதன் மேல் நமக்குள்ள பிடிப்பு எவ்வளவு ஆழம் என்று தெரிகிறது.

இல்லாத வேம்புக்கு எதிர்ப்பக்கம், இந்த மலை நமக்குக் கொடுத்த பூ ஒன்று இருக்கிறது. செவ்வந்தி. ஊரில் பனிக்காலத்துப் பூ. இங்கே வருடம் முழுக்கப் பூக்கிறது, அதுவும் விளக்கின் வேலை. ராத்திரி கம்போங் ராஜா பக்கம் போகும்போது மலைச்சரிவு மஞ்சளாய் எரிவதைப் பார்க்கிறோம். திருவிழா விளக்கு என்று வெளியூர்க்காரர் நினைப்பார்கள். செவ்வந்திக்கு நீண்ட இரவு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். நடுராத்திரியில் விளக்கைப் போட்டு இரவைத் துண்டாக்கினால், இன்னும் காலம் வரவில்லை என்று எண்ணித் தண்டை நீட்டிக்கொண்டே போகும். வேண்டிய நீளம் வந்ததும் விளக்கை அணைப்பார்கள்; மொட்டு கட்டும். ஈப்போவிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் தீபாவளிக்கு நீங்கள் வாங்கும் மாலை இப்படித் தூங்கவிடாமல் வளர்த்த பூ. சப்பானுக்குப் போவதும் இதே தோட்டத்துப் பூதான். கோயில் வாசலில் மாலை கட்டுகிற அக்காமார்களிடம் கேட்டால், எந்தப் பண்ணைப் பூ இரண்டு நாள் தாங்கும், எது ராத்திரியே உதிரும் என்று சொல்லிவிடுவார்கள்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. தேயிலையைக் குறை சொல்ல ஆயிரம் இருக்கிறது. நம் முன்னோர் பட்ட பாடு அதன் வேரில் இருக்கிறது. ஆனாலும் வளர்ந்த தேயிலை மண்ணை மூடிப் பிடித்துக்கொள்ளும். சரிவை வெட்டி, மண்ணைத் திறந்துபோட்டு, மேலே நெகிழிக் கூரை போட்ட காய்கறித் தோட்டத்திலிருந்து ஒவ்வொரு மழைக்கும் செம்மண் இறங்குகிறது. ரிங்லெட் ஏரியைப் பாருங்கள். 1963-இல் அணை கட்டி உண்டான ஏரி. மண் நிரம்பி நீர் கொள்ளும் இடம் சுருங்கிவிட்டது. 2013 அக்டோபரில் பெருமழையில் அணையைத் திறந்துவிட வேண்டி வந்து, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் உயிர்களும் போயின. முட்டைக்கோசும் தக்காளியும் நாடு முழுக்கப் போகட்டும். நம் பிள்ளைகளும் அதில்தான் பிழைக்கிறார்கள். எந்தச் சரிவில் எதை நடலாம் என்பதை மட்டும் மலையைத் தெரிந்தவர்களைக் கேட்டு நட வேண்டும். அப்பாயிக்கு ஒரு சாண் கணக்குத் தெரிந்தது. இயந்திரம் வைத்து மலையை வெட்டுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டாமா?

இந்த அறக்கட்டளையிடம் நான் ஒன்று கேட்கிறேன். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடத்துங்கள், நல்லது. அதோடு ஒரு தாவரப் பதிவைத் தொடங்குங்கள். பெரிய செலவில்லை. பழைய செய்தித்தாள், அட்டை, நூல். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தங்கள் பாட்டியிடம் போய் ஒரு செடியைக் கேட்டு வாங்கிவரட்டும். பூவும் காயும் உள்ள கிளையாக இருந்தால் நல்லது. செய்தித்தாளில் வைத்து அழுத்திக் காயவைத்து அட்டையில் தைத்து, கீழே எழுதட்டும்: பாட்டி சொன்ன பெயர், எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, எதற்கு, எப்படி நட்டால் பிழைக்கும். அறிவியல் பெயரைக் கண்டுபிடித்து எழுதுவது என் வேலை, என் போன்றவர்கள் வேலை. சொன்ன பாட்டியின் பெயரையும், அவர் சம்மதித்தால், அட்டையில் எழுதுங்கள். இட்டி அச்சுதனுக்குக் கிடைத்த ஒரு பக்கம் நம் கிழவிகளுக்கும் கிடைக்கட்டும். செமாய்ப் பிள்ளைகளையும் வங்காளதேசத்துத் தொழிலாளிகளையும் கூப்பிடுங்கள்; அவர்கள் மொழியிலேயே எழுதட்டும். அவசரம் என்று சொல்ல வேண்டியதில்லை, இந்த அவையில் எண்பது வயதுக்கு மேல் எத்தனை பேர் என்று திரும்பிப் பார்த்தாலே போதும்.

எங்கள் லயத்தை இடித்தபோது நான் வெளியூரில் இருந்தேன். அதற்கு முன்பே மண் அடுப்பு போய் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. சுவர் ஆறிப்போயிற்று; செடியும் இளைத்துவிட்டது என்று அப்பா சொன்னார். இடிக்கிறவர்கள் வருவதற்கு முதல் நாள் அவர் வேர்க்கன்று ஒன்றைப் பெயர்த்துத் தாப்பாவில் இருக்கும் என் அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தார். வெயில் கண்டதும் அது மரமாகிவிட்டது. ஓட்டு உயரம் தாண்டி நிற்கிறது. அத்தை ஏணி வைத்துத்தான் பறிக்கிறார்.

அதன் அடியில் கிளைத்த கன்றுகளில் பன்னிரண்டைக் கெட்டிப்பால் டின்னில் வைத்து எடுத்து வந்திருக்கிறேன். வாசல் மேசையில் இருக்கின்றன. பக்கத்திலேயே ஒரு நோட்டும் பேனாவும் இருக்கிறது. கன்று எடுக்கிறவர்கள், எடுக்காதவர்களும்தான், உங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த ஒரு செடியின் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். கீழே இருக்கிறவர்கள் எங்கே வேண்டுமானாலும் நடலாம். இந்த மலையில் வைக்கப் போகிறவர்கள், காற்று அடிக்காத பக்கமாக, சமையலறைச் சுவரை ஒட்டி ஒரு சாண் விட்டு வையுங்கள். முதல் இரண்டு வருடம் ராத்திரியில் சாக்குப் போட்டு மூடுங்கள். காலையில் எடுத்துவிட மறக்க வேண்டாம்.